கருவியும் கையும்

வினைசெய்யப் புகுவோன் முன்னரே எண்ணவேண்டியவற்றுள் கருவியையும் ஒன்றாகத் திருவள்ளுவர் வைத்தனர். ஆயின், கருவியைத் தேருங்கால் நம்மவருட் பலர் விலையை எண்ணுகின்றனர், பருமனை எண்ணுகின்றனர், அதனைப் பிடிக்கப்போகும் கையை எண்ணுவோர் சிலரே.

எமது தமக்கையாரின் மகன் குழாய்வேலையும் மின்வேலையும் பயின்றவன். பிறரிடம் கூலிக்கு நின்று மூன்றாண்டு சேர்த்த பணத்தைக் கொண்டு, கொங்கிறீற்றைத் துளைக்கும் சம்மட்டித் துளைகருவி ஒன்றை வாங்கித் தனித்தொழில் தொடங்க விரும்பினான். கல்லூரியிற் பௌதிகம் கற்பிப்பவர் என்பதனால் எம்மையும் கடைக்கு உடனழைத்தான். கடையினுட் புகுந்ததும் பத்துக் கிலோகிராம் நிறையுடைய பெருங்கருவி ஒன்றின்மேல் அவன் கண் சென்றது.

“மாமா, வாட் கூடினால் அடியும் கூடுந்தானே?” என்றான்.

பலரும் கொள்ளும் எண்ணமே இது. வாட் என்பது கருவி மின்னிலிருந்து பெறும் வலுவின் அளவு. கல்லை உடைப்பதோ, ஒவ்வோர் அடியிலும் துளையலகின் நுனியைச் சேரும் சத்தி. அது யூல் கணக்கில் அளக்கப்படும். ஆதலின், முதலிற் பார்க்கவேண்டியது ஓரடிக்கு எத்தனை யூல், நிமிடத்திற்கு எத்தனை அடி என்பனவேயாம்.

சாதாரண ட்றில் கருவியிலே இரண்டு பற்றட்டுகள் ஒன்றன்மேலொன்று ஏறியிறங்குவதால் அதிர்வு பிறக்கின்றது. சீமெந்துக்கற் சுவருக்கு அது போதும். கொங்கிறீற்றிலோ, எத்துணை அழுத்தினும் மெல்லவே செல்லும். சம்மட்டித் துளைகருவியின் அமைப்பு வேறு. உருளையொன்றினுள் முசலம் முன்னும் பின்னும் ஓட, இடையில் அடைபட்ட வளி நெருங்கி விரிந்து, அடிக்கும் இரும்பை முன்னே எறிகின்றது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தார் இத்தகைய மின்சம்மட்டியை 1932 இல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். வளியே அடிப்பதால், பிடிப்பவன் கருவியை நேராகத் தாங்கினாற் போதும். அளவிறந்து அழுத்தினால் வேகம் கூடாது, கைதான் சோரும்.

“தம்பி, நாள்தோறும் எத்தகைய துளை இடப்போகின்றாய்?” என்று வினவினோம். குழாய் செல்வதற்கு 25 முதல் 40 மில்லிமீற்றர் வரையான துளைகளே மிகுதி என்றும், பழைய தளம் உடைக்கும் வேலை மாதத்தில் ஒருநாள் வரலாம் என்றும் விடையிறுத்தான்.

வினா தெளிந்ததும் விடையும் தெளிந்தது. துளையலகின் தண்டு இருவகைப்படும். எஸ்.டி.எஸ். பிளஸ் என்பது 10 மில்லிமீற்றர் தண்டுடையது. ஆணித்துளைகளுக்கு ஏற்ற சிறு கருவிகளிற் பொருந்துவது. எஸ்.டி.எஸ். மக்ஸ் 18 மில்லிமீற்றர் தண்டுடையது. பெருந்துளைக்கும் உளிவேலைக்கும் உரியது. இவனுக்கு வேண்டியது மக்ஸ் வகையில் ஐந்தாறு கிலோகிராம் கருவியே. பத்துக் கிலோகிராம் கருவி தளமுடைக்க நன்று. ஏணிமேல் நின்று தலைக்குமேல் உயர்த்துவோனுக்கோ அது இடர்.

இவ்விடத்தில் எமது அத்தானை நினைவூட்டினோம். அவர் வளைகுடா நாடொன்றிலே நெடுங்காலம் கொங்கிறீற் உடைத்தவர். இன்று மார்கழிப் பனிக்காலையில் அவருடைய விரல்நுனிகள் வெளுத்து மரத்துப்போகின்றன. சட்டைப் பொத்தானை எம் தமக்கையாரே பூட்டிவிடுகின்றார். இடைவிடாத அதிர்வு விரல்களின் நரம்பையும் குருதிக்குழாயையும் கெடுப்பதால் வரும் நோய் இது. மகன் சிறிதுநேரம் பேசாது நின்றான். பின்னர், அதிர்வு தணிக்கும் கைப்பிடியுள்ள கருவி எதுவெனக் கடைக்காரரைத் தானே கேட்டான்.

இன்னும் இரண்டு பொருள்கள் உள. துளையலகு கம்பியிற் சிக்கும்போது கருவி முழுவதும் சுழன்று மணிக்கட்டை முறிக்கவும் கூடும். அவ்வேளை சுழற்சியைத் துண்டிக்கும் காப்புப்பிடி இருத்தல் வேண்டும். நான்கு வெட்டுமுனையுள்ள துளையலகு இரண்டு முனையுள்ளதைவிடக் கம்பியருகிற் சிக்குவது குறைவு.

இறுதியில் அவன் ஐந்தாறு கிலோகிராம் கருவியையே கொண்டான். எஞ்சிய பணம் நல்ல துளையலகுகளுக்கும், செவிக்காப்புக்கும், நுண்டூசியைத் தடுக்கும் முகமூடிக்கும் ஆயிற்று. கொங்கிறீற்றுத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலிற் படிந்தால் மீளாது. கைக்குட்டை அதனைத் தடுக்காது. தளமுடைக்கும் நாளுக்குப் பெருங்கருவியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கருவி கைக்கு வந்தபின்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. தூணையும் வளையையும் பொறியியலாளரைக் கேளாது துளைத்தலாகாது. உள்ளே அறுபடும் கம்பி அவ்வீட்டார் அனைவரையும் தாங்குவது.

தொழில் தொடங்கும் இளைஞர்க்கு நாம் கூறுவது ஒன்றே. கருவி பழுதானால் மாற்றலாம்; கை பழுதானால் மாற்றுவதற்கில்லை. இருபது ஆண்டு கழிந்த பின்னும் தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டும் கையுடன் உங்களை வாழவிடும் கருவி எதுவோ, அதனையே வாங்குங்கள்.