ஈயக் குண்டும் குறியும்

எமது சிட்லபாக்கத்திற்கு வடக்கே புனித ஜார்ஜ் கோட்டையும், தெற்கே வெகு தொலைவில் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையும் உள்ளன. இவ்விரண்டையும் பலப்படுத்தும் பொருட்டுக் கும்பினியாரால் தலைமைப் பொறியாளராக அனுப்பப்பெற்று, 1750-ஆம் ஆண்டிற் கடலூர் வந்திறங்கி, மறு ஆண்டு ஜூலைத் திங்களில் அவ்விடத்திலேயே உயிர் நீத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்பவர். துப்பாக்கிக் குண்டு ஏன் குறி தவறுகிறது என்னும் வினாவை முதன்முதலில் கணித முறைப்படி ஆராய்ந்த பெரியார் இவரே. அவர் நம் நாட்டு மண்ணில் மறைந்தாரென்பதை நம் மாணவருட் பலர் அறியார். யாமும் அண்மைக் காலத்திலேயே அறிந்தோம்.

அக்காலத்துச் சிப்பாய் ஏந்திய துப்பாக்கி வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிப்பது. ஆங்கிலப் படையினரின் குழல் முக்கால் அங்குல விட்டமுடையது, குண்டோ 0.69 அங்குலமே. விரைந்து கெட்டிப்பதற்காக விட்ட இவ்விடைவெளியில், குண்டானது குழலின் சுவரில் மாறி மாறி மோதிக்கொண்டே வெளிவரும். இறுதி மோதலால் அது சுழற்சி பெறுகிறதென்றும், சுழலும் உருண்டையைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறதென்றும் ராபின்ஸ் கூறினார். இதை மெய்ப்பிக்க ஒரு குழலின் முனையைச் சற்றே இடப்புறமாக வளைத்துச் சுட்டார். வழியில் நிறுத்திய தாள் திரைகளில் குண்டு முதலில் இடப்புறமும் பின்னர் வலப்புறமுமாகத் துளையிட்டுச் சென்றது.

ராபின்ஸின் நூல் 1742-இல் வெளியாயிற்று. அதனை 1745-இல் ஜெர்மன் மொழியிற் பெயர்த்து விரிவுரையும் வகுத்த மாமேதை ஆய்லர் இவ்விளக்கத்தை ஏற்றாரில்லை. குண்டு வார்ப்பிலே உள்ள ஒழுங்கின்மையே விலகலுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. 1852-இல் மாக்னஸ் என்பார் சுழலும் உருளைகளைக் கொண்டு சோதனை செய்த பின்னரே ராபின்ஸின் பக்கம் வலுப்பெற்றது. ஆயினும் ஆய்லர் கூறியதை முற்றும் தள்ளிவிடுதல் ஆகாது என்பது எம் கருத்து. சுழற்சியை வார்ப்பு உண்டாக்காது; எனினும் குறியைக் கெடுக்கும் வல்லமை அதற்கும் உண்டு.

ஈயம் 327 பாகையில் உருகும். உருகியது உறையுங்கால் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் சுருங்கும். அச்சின் வாயில் ஊற்றிய ஈயம் முதலில் இறுகிவிடின், உள்ளே சுருங்கும் பகுதிக்கு மேலிருந்து ஈயம் வாராது. அவ்விடத்தில் ஒரு பொள்ளல் தங்கும். அச்சு போதிய சூடு ஏறாதிருப்பினும், மேலே படியும் கசடு உள்ளே புகினும் குண்டு பழுதுபடும். வெள்ளீயமோ அஞ்சனக்கல்லோ கலந்த பழைய ஈயமாயின் எடை குறைவதோடு கடினமும் மிகும். இவையெல்லாம் கண்ணுக்குப் புலப்படா. வெளியே வழவழப்பான உருண்டை. உள்ளே ஒரு பொய்!

எம் பெரியபாட்டனார் ஒருவர் செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூரில் வேர்க்கடலை பயிரிட்டு வந்தார். காட்டுப்பன்றியை விரட்ட அவரிடம் உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குண்டுகளைத் தாமே அடுப்பில் உருக்கி வார்ப்பார். ஓர் இரவு பரணிலிருந்து சுட்ட குண்டு பன்றியை விட்டு, அயலார் மாட்டுக் கொட்டிலின் கம்பத்திற் பாய்ந்தது. அக்கம்பத்தின் அருகிலேதான் மாடு மேய்க்கும் சிறுவன் உறங்கிக்கொண்டிருந்தான். இறையருளால் ஊறு ஏதும் நேர்ந்திலது. கிழவருக்குக் கண் போயிற்று என்று ஊரார் ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறினர். அவர் எதிர்மொழி கூறாது துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க இசைந்தார்.

ஒப்படைக்கும் முன்னர், தகரப் பெட்டியில் எஞ்சிய குண்டுகளை யாம் நகைக்கடைத் தராசொன்றில் நிறுத்துப் பார்த்தோம். ஒரே அச்சில் வார்த்தவற்றுட் சில, மற்றவற்றினும் தெளிவாக எடை குறைந்திருந்தன. அவற்றுள் ஒன்றை அரத்தால் அராவவே, வார்ப்பு வாய்க்கு அடியில் மிளகு கொள்ளத்தக்க குழி ஒன்று தோன்றிற்று.

அதனால் எவ்வளவு விலகும்? புரியிட்ட குழலுக்குக் கணக்கிடுதல் எளிது. 1.2 மீட்டருக்கு ஒரு சுற்று, நொடிக்கு 450 மீட்டர் விரைவு எனக் கொண்டால், குண்டு நொடிக்கு 375 முறை சுழலும். பொள்ளலால் எடைமையம் ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கு விலகினும், குழலை விட்டகன்றவுடன் குண்டிற்கு நொடிக்கு ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் பக்க விரைவு உண்டாகும். நூறு மீட்டர் செல்லக் கால் நொடி. விலகல் ஆறு சென்டிமீட்டர். புரியில்லாத நாட்டுக் குழலிலோ சுழற்சி எப்பக்கம், எவ்வளவு என்பதே நிலையில்லை. ஆதலின் ராபின்ஸ் கூறிய காற்றின் தள்ளுதலே அங்கு மிகும். பாட்டனார் குண்டை விலக்கியது காற்றோ, பொள்ளலோ, கண்ணோ என்று பிரித்துக் காட்ட எம்மால் இயலாது. கண் ஒன்றே என்று ஊரார் துணிந்ததுதான் எமக்கு ஒப்பவில்லை.

தேர்ந்த வேட்டைக்காரர் எடை குறைந்த குண்டுகளை ஒதுக்கி மீண்டும் உருக்குவர்; வார்ப்புத் தழும்பு எப்போதும் குழல்வாயை நோக்கியிருக்குமாறு இடுவர்; கொழுப்புத் தோய்ந்த துணியிற் பொதிந்து இடைவெளியை அடைப்பர்.

இவற்றையெல்லாம் பாட்டனாரிடம் எடுத்துரைத்து, அராவிய குண்டையும் அவர் கையில் வைத்தோம். அவர் அதனைக் கண்ணருகே கொண்டுபோகாமல், கட்டைவிரலால் அக்குழியைத் தடவினார். "மழை வரும்போல் இருந்தது தம்பி, அச்சு காயுமுன் ஊற்றிவிட்டேன்" என்றார்.