செர்ராலுங்காவிற் சுவைத்த கசப்பு

இத்தாலியின் வடமேற்கே, பியெமொந்தே மாநிலத்தில் அமைந்துள்ளது லாங்கே என்னும் குன்றுப் பிரதேசம். 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற திராட்சைத் தோட்டங்கள் இங்குள்ளன. ஐப்பசி மாதத்து விடியற்காலையில் நானும் நண்பரும் அங்கு சென்றடைந்தபோது, பள்ளத்தாக்குகள் யாவும் மூடுபனியில் அமிழ்ந்து கிடந்தன. குன்றின் உச்சியிலுள்ள செர்ராலுங்காக் கிராமத்துப் பழங்கோட்டை மாத்திரம் தெரிந்தது. மூடுபனியை இத்தாலியர் 'நெபியா' என்பர். இங்கு விளையும் நெபியோலோத் திராட்சை அதனாலேயே அப்பெயர் பெற்றது எனக் கூறுவாருமுளர்.

அத்திராட்சையினின்றும் ஆக்கப்படுவதே பரோலோ என்னும் செம்மது. குறைந்தது 38 மாதங்கள் முதிர்ந்த பின்னரே அதனை விற்கலாம் என்பது சட்டம். அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாவிற் கழிதல் வேண்டும். எம்மை வரவேற்ற தோட்டக்கார முதியவர், நிலவறையிலிருந்து இருபதாண்டு முதிர்ந்த புட்டியொன்றைக் கொணர்ந்து சிறிதளவு வார்த்தார். செம்மை மங்கிச் செங்கல் நிறம் ஏறியிருந்தது. ரோசாவின் மணமும் தாரின் மணமும் ஒருங்கே எழுந்தன. நாவில் முதலிலே துவர்ப்பு. பின்னர் உலர்ந்த கனியின் சுவை.

உணவு முடிந்ததும் சிறு கிண்ணத்தில் வேறொன்று வந்தது. 'பரோலோ கினாத்தோ' என்பது அதன் பெயர். பரோலோ மதுவுடன் சீனியும் மூலிகைகளும் சேர்த்து ஆக்கப்படுவது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வூரவரான யுசெப்பே கப்பெல்லானோ என்னும் மருந்தாளர் இதனை ஆக்கினார் என்பர். தடிமனுக்கும் செரியாமைக்கும் மருந்தாயிருந்த இப்பானம், இன்று கறுப்புச் சொக்கலேற்றுடன் விருந்தின் இறுதியிற் பரிமாறப்படுகின்றது.

கறுவாவும் ஏலக்காயும் மணத்தன. விழுங்கிய பின்னர் தொண்டையில் ஒரு கசப்பு நின்றது.

"இஃது எதன் கசப்பு, ஐயா?" என்றேன்.

"கினா" என்றார். நண்பர் அதனை விளக்கினார்: சிங்கோனா மரத்தின் பட்டை!

கொயினா மருந்து எடுக்கப்படுவது அப்பட்டையிலிருந்தே. 1861ஆம் ஆண்டில் நமது ஹக்கலைப் பூங்கா தோன்றியதும் அம்மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகவே. கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபோது, மலைநாட்டுத் தோட்டங்கள் பல சிங்கோனாவை நாடின.

ஆயினும், என் நெஞ்சில் எழுந்தவர் அம்மம்மா. 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இலங்கையை வாட்டியபோது அவர் குருநாகலிற் சிறுமியாயிருந்தார். கையைக் காலைப் பிடித்துக் கொயினா புகட்டினராம். அவருடைய தம்பிக்கு மருந்து கிடைக்கப் பிந்திவிட்டது; அவன் பிழைக்கவில்லை. 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அச்செய்தியைக் கேட்க அம்மம்மா இருக்கவில்லை.

"எங்கள் வீட்டில் இதனை மருந்தென்றே அறிவோம்" என்றேன்.

முதியவர் புன்னகைத்தார். "எங்கள் வீட்டிலும் அப்படித்தான். குளிர்காலத்திற் காய்ச்சிய கினாத்தோவுடன் என் தாயார் கட்டிலருகே நிற்பார்" என்றார்.

கிண்ணத்தில் எஞ்சியதை மெல்லப் பருகினேன். வெளியே பனி விலகியிருந்தது. கசப்பு மாத்திரம் நெடுநேரம் நாவில் நின்றது.