ஒத்தை வார்த்தை

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிஞ்சு உக்காந்திருக்கேன். பொண்ணு எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தா. அதுல ஆங்கிலப் பகுதியில 'ஒன் வேர்ட் சப்ஸ்டிடியூஷன்'னு ஒரு சமாச்சாரம் உண்டு. நீளமா ஒரு விளக்கம் கொடுப்பான், அதுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்.

"அப்பா, உயில் எழுதி வைக்காம செத்துப் போனவரை எப்படிச் சொல்வாங்க?"

"இன்டெஸ்டேட்."

"எப்படிப்பா டக்குன்னு சொன்னீங்க?"

சொல்லாம இருப்பேனா? அந்த ஒத்தை வார்த்தையால நான் பட்ட அவமானம் எனக்குத்தானே தெரியும். சரி, கதைக்கு வர்றேன்.

2013-ல நாக்பூர்ல ஒரு கிளையில இருந்தேன். கட்டட வேலை பார்த்த ஒருத்தர் இறந்துட்டார். பூர்வீகம் உத்தரப் பிரதேசம். அவர் பேர்ல ஒரு ஃபிக்ஸட் டெபாசிட், எண்பதாயிரம் ரூபாய். நாமினி போடலை. அவர் மனைவிக்கு என்னென்ன தாள் கொண்டு வரணும்னு நான்தான் கடிதம் எழுதினேன். 'டெபாசிட்தாரர் இன்டெஸ்டேட்டாக இறந்ததால்...'னு ஆரம்பிச்சு, நாலு வரியில முடிச்சேன். பி.காம். படிக்கும்போது இங்கிலீஷ்ல தடுமாறினவனுக்கு, ஒரே வார்த்தையில ஒரு வரியை அடக்கிட்டோம்னு உள்ளுக்குள்ள பெருமை வேற.

மூணு வாரம் கழிச்சு அந்தம்மா வந்தாங்க. கையில கிராமப் பிரதான் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். எனக்கு ஒண்ணும் புரியலை. இதை யார் கேட்டதுன்னு கேட்டேன். கூட வந்த பையன் காலேஜ் முதல் வருஷம். என் கடிதத்தைக் காட்டி, "நீங்கதானே ஸார், இன்டர்ஸ்டேட்னு எழுதியிருக்கீங்க" என்றான். வேற மாநிலத்துக்காரர்ங்கறதால பணம் தர மறுக்கறாங்க, சொந்த ஊர்ல போய் அத்தாட்சி வாங்கணும்னு நெனச்சு, ரெண்டு பேரும் கோரக்பூர் பக்கம் போய்ட்டு வந்திருக்காங்க. போக வர ரயில் டிக்கெட், எட்டு நாள் கூலி, எல்லாம் போச்சு.

நான் ஹிந்தியில ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அவர் வசீயத் ஏதாவது எழுதி வச்சிருந்தாரா?"

"இல்ல ஸாஹப்."

அவ்வளவுதாங்க. இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தா அந்தம்மா ரயிலே ஏறியிருக்க வேண்டாம். சின்னத் தொகைதான், வாரிசுகள் எல்லாரும் சம்மதக் கையெழுத்தும் உறுதிப் பத்திரமும் கொடுத்தா போதும், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லைன்னு உக்கார வச்சு சொன்னேன். பணம் கிடைச்சுடுச்சு. அந்தம்மா என்னைத் திட்டலை, நன்றி சொல்லிட்டுப் போனாங்க. அதுதான் இன்னும் உறுத்துது.

இதைக் கேட்டதும் பொண்ணு, "அப்ப இந்த வார்த்தையெல்லாம் வேஸ்ட்டாப்பா?"ன்னா. அப்படியும் இல்லை. 1944-ல ரஃபேல் லெம்கின்ங்கற போலந்து நாட்டு யூத வழக்கறிஞர், ஒரு இனத்தையே திட்டம் போட்டு அழிக்கறதுக்கு 'ஜெனோசைட்'னு ஒரு வார்த்தை உருவாக்கினார். கிரேக்கத்துல 'ஜெனோஸ்'னா இனம், லத்தீன்ல 'சைட்'னா கொல்றது. 1948-ல அந்த வார்த்தையை வச்சே ஐ.நா. சபை ஓர் உடன்படிக்கை போட்டது. ஒரு குற்றத்துக்குப் பேர் இருந்தாத்தானே அதைச் சட்டத்துல எழுத முடியும்?

அந்த 'சைட்'டைப் பிடிச்சுக்கிட்டா போதும், ஒரு குடும்பமே வந்துடும்னு சொல்லிக் கொடுத்தேன். அரசனைக் கொன்னா ரெஜிசைட், அப்பாவைக் கொன்னா பேட்ரிசைட், சகோதரனைக் கொன்னா ஃப்ராட்ரிசைட். "அப்பா, ஒரே கொலையா இருக்கு"ன்னு சிரிச்சா. சரின்னு எங்க தொழிலுக்கு வந்தேன். பேங்க்கரப்ட்ங்கற சொல்லோட மூலம் இத்தாலி மொழியில 'உடைஞ்ச பெஞ்ச்'. அந்தக் காலத்துல பணம் மாத்தறவங்க பெஞ்ச் போட்டுத்தான் தொழில் பண்ணினாங்க. பேங்க்ங்கற வார்த்தையும் அந்த பெஞ்சுலேர்ந்து வந்ததுதான். நூறு வார்த்தையைத் தனித்தனியா மனப்பாடம் பண்றதைவிட, வேரைப் பிடிச்சுப் பத்துப் பத்தாப் படிச்சா மறக்காது.

அப்பதான் சமையலறையிலேர்ந்து தங்கமணி குரல். "இங்கிலீஷ்ல அவ்வளவு இருக்கே, சம்பந்திக்கு ஒத்தை வார்த்தை சொல்லச் சொல்லுங்க பாப்போம்!"

யோசிச்சுப் பாத்தேன். 'என் பிள்ளையைக் கட்டினவரோட அப்பா அம்மா'ன்னு ஒரு முழு வரி சொல்லணும். ஹிந்தியில 'சம்தி' உண்டு. சகலைக்கு? 'மனைவியோட சகோதரி கணவர்'. ஓரகத்திக்கு? "ஓரகத்தின்னா யாரும்மா?"ன்னு கேட்டா பொண்ணு. எனக்குச் சுருக்குன்னுது. பேட்ரிசைட் தெரிஞ்ச பொண்ணுக்கு ஓரகத்தி தெரியலை. தப்பு அவ மேல இல்லை. நாக்பூர்ல பொறந்து வளர்ந்தவ. அவ பெரியம்மாவும் அவ அம்மாவும் ஒருத்தருக்கொருத்தர் யாருன்னு நாங்க சொன்னதே இல்லையே.

இப்ப அவ நோட்டுல மூணு பத்தி. முதல்ல இங்கிலீஷ் வார்த்தை, அடுத்து இங்கிலீஷ் விளக்கம், மூணாவதுல 'ஆச்சிக்கு எப்படிச் சொல்றது'. ஞாயித்துக்கிழமை திருநெல்வேலிக்கு போன் போடும்போது ஆச்சிகிட்டயே சொல்லிப் பாக்கறா. ஆச்சிக்குப் புரிஞ்சா டிக், புரியலைன்னா மறுபடி எழுதணும். 'இன்டெஸ்டேட்'டுக்கு ஆச்சி உடனே டிக் போட்டுட்டாங்க. "உங்க தாத்தா மாதிரின்னு சொல்லு" என்றார்களாம்.

கடைசியா ஒண்ணு. உங்க டெபாசிட்டுக்கெல்லாம் நாமினி போட்டாச்சான்னு பாத்துடுங்க. 2025 நவம்பர் 1-லேர்ந்து நாலு பேர் வரைக்கும் போடலாம். அது யாரு, எதுக்குன்னு வீட்டுல இருக்கறவங்களுக்கு அவங்க பாஷையில சொல்லியும் வைங்க.