புது வீட்டுக்கு ஒரு மத்து

விவாகமாகித் தனிக்குடித்தனம் புகும் இளையவர்களுக்குப் பரிசு வாங்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்கும் இடம், முலாம் பூசிய விக்கிரகங்களும் சுவர்க் கடிகாரங்களும் பளபளக்கும் பெரிய கடைகளின் வாசல்தான். வாங்குகிறவர் மனத்தில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வீட்டு அடுப்பங்கரையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, அங்கே சமைக்கப் போகிறவர்கள் நாள்தோறும் எதைக் கையில் பிடித்து வேலை செய்வார்கள் என்ற விசாரம் அவ்விடத்தில் எழுவதே இல்லை. என் அபிப்பிராயத்தில், புதுக் குடித்தனத்துக்குக் கொடுக்கத் தக்க பொருள்களுள் கைவேலையான மரச் சாமான்களுக்கு நிகரானவை மிகச் சில. அவையும் நம் ஊர்ப்பக்கத்துக் கடைகளிலேயே, நின்று பார்த்து வாங்கும் பொறுமை உள்ளவர்களுக்கு, இன்னும் கிடைக்கின்றன.

என் தங்கை மகள் கல்யாணமாகிச் சென்னையில் குடியேறியபோது, அவளுக்காக நான் சென்றது அம்பாசமுத்திரத்துக்கு. தாமிரபரணியின் வடகரையிலுள்ள அவ்வூர் மரச் சொப்புகளுக்குப் பேர்போனது. உரல், அம்மி, திருகை, அடுப்பு, பானை என்று ஒரு சமையலறை முழுவதையும் உள்ளங்கை அளவில் கடைந்து, சிவப்பும் மஞ்சளுமாக அரக்கு ஏற்றி, ஓலைப்பெட்டியில் அடைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் திருநெல்வேலிச் சீமையில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருவது. கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்து எட்டிகொப்பாகாவிலும் நடப்பது இதற்கு உறவான தொழிலே. எட்டிகொப்பாகாப் பொம்மைகள் 2017-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. பொம்மை கடையும் அதே கைகள்தாம் பெரியவர்களின் சமையலுக்கு வேண்டிய மத்தையும் குழவியையும் கடைகின்றன என்பது, பட்டறையில் போய் நின்றால்தான் மனத்தில் பதிகிறது.

மின்சாரம் வருமுன் இந்தக் கடைசல் வேலைக்கு இருவர் வேண்டியிருந்தது. ஒருவர் கட்டையில் சுற்றிய கயிற்றைத் தயிர் கடைவது போல மாறி மாறி இழுக்க, மற்றவர் தரையில் உட்கார்ந்து உளியைப் பிடித்துக்கொள்வார். இப்போது கயிற்றின் இடத்தை மோட்டார் எடுத்துக்கொண்டது. உளியின் இடத்தை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. சுழலும் கட்டையில் உளியின் வாய் பட்டவுடன் மரச்சுருள் நூல் நூலாகப் பிரிந்து விழுகிறது. கடைகிறவர் நடுவில் ஓட்டத்தை நிறுத்தி, கட்டை விரலை மேடு பள்ளங்களில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார். திருப்தியில்லையானால் மறுபடி ஓட விடுகிறார். சொப்பானால் அதன்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார். உராய்வின் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறும். தாழை மடலால் தேய்த்தால் முகம் தெரியும் அளவுக்கு மெருகு வந்துவிடும். ஆனால் கொதிக்கும் குழம்பில் விழவேண்டிய கரண்டிக்கு இந்த அலங்காரம் ஆகாது. கொதிநீரின் சூட்டுக்கு வெகு முன்பே இளகிவிடுவது அரக்கு. அடுப்பில் புழங்கும் சாமான் வெறும் மரமாகவே இருக்கவேண்டும்.

இதை எனக்குச் சொன்னவர் கடைத்தெருவில் இருந்த வயோதிகக் கடைக்காரர் ஒருவர். பளபளவென்றிருந்த பூரிக்கட்டை ஒன்றை நான் கையிலெடுத்ததும், "அது வார்னிஷ் போட்டது அண்ணாச்சி. பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கும், மாவுல வாடை அடிக்கும். இதைப் பாருங்க" என்று உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்து வந்து, மூக்கருகே பிடித்து மோந்து பார்க்கச் சொன்னார். பச்சை மரத்தின் ஈர வாடையோ சாயத்தின் நெடியோ அதில் இல்லை. தலை முதல் கால் வரை ரேகை நேராக ஓடியது. கணு ஒன்றும் இல்லை. தரையில் உருட்டிவிட்டபோது குதிக்காமல் போயிற்று. பிறகு மத்துகளைக் காட்டினார். கீரை மத்துக்குத் தலை அகன்றிருக்கவேண்டும், பருப்பு மத்துக்குப் பல் ஆழமாக வெட்டியிருக்கவேண்டும் என்றும், காம்பும் தலையும் ஒரே கட்டையில் கடைந்ததாக இருந்தால் சட்டியில் அழுத்தும்போது கழன்று வராது என்றும் அவர் விளக்கியதை, எந்தப் பாத்திர வியாபாரியும் எனக்கு அதற்குமுன் விளக்கியதில்லை.

மரக்கரண்டி பழமையின் அடையாளமென்று மட்டும் எண்ணுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் நாம் ஈயம் பூசுகிறோமே, அது உண்மையில் சுமார் 232 பாகை சென்டிகிரேட் சூட்டில் உருகிவிடும் மெல்லிய வெள்ளீயம். இரும்புக் கரண்டியால் சுரண்டினால் அந்தப் பூச்சு வெகு சீக்கிரம் போய்விடும். கல்சட்டியும், எண்ணெய் ஏறிப் பழகிய இரும்புத் தோசைக்கல்லும், இக்காலத்து ஒட்டாத வாணலியும் அப்படியே. மரம் இவை ஒன்றையும் காயப்படுத்துவதில்லை. உலோகத்தை உப்பு அரிக்கும் என்பதனால்தான் நம் பாட்டிமார் உப்பையும் புளியையும் மரவையில் போட்டு வைத்தார்கள். ஊறுகாய் ஜாடிக்குள் மரக்கரண்டி ஒன்றையே விட்டார்கள். அடுப்பண்டையில் நெடுநேரம் நின்று கிளறுகிறவளுடைய கை சுடாமலிருப்பது அதற்கு மேலான லாபம்.

நான் வாங்கியவை அதிகமில்லை. கீரை மத்து ஒன்று, தோசைக்கல்லுக்கு ஏற்ற மரத்தோசைத்திருப்பி, கொட்டாங்கச்சி அகப்பை இரண்டு, பலா மரத்து அஞ்சறைப்பெட்டி, ஆற்றுக்கு அக்கரையில் அப்பளத்துக்குப் பிரசித்தமான கல்லிடைக்குறிச்சி இருப்பதை நினைத்து ஓர் அப்பளக் குழவி. அஞ்சறைப்பெட்டியின் மூடியைப் பலமுறை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தடைபடவுமில்லை, தொளதொளவென்று ஆடவுமில்லை. எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றிக் கட்டியபின், கடைக்காரர் எனக்கு மீதிப் பணத்தைக் கொடுத்துக்கொண்டே, "புள்ளைட்ட மறக்காமச் சொல்லிருங்க அண்ணாச்சி. தண்ணியில ஊறப் போடக் கூடாது, வெயில்ல காயப் போடக் கூடாது. கழுவித் தொடச்சு நெழல்ல வச்சாப் போதும். மாசத்துக்கு ஒருவாட்டி ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய்" என்றார். அதையே ஒரு சீட்டில் எழுதி அஞ்சறைப்பெட்டிக்குள் வைத்து அனுப்பினேன். பரிசோடு அதைப் பேணும் முறையும் சேர்ந்து போகாவிட்டால் கொடுத்தது பாதிதான்.

இத்தகைய சாமான்கள் அம்பாசமுத்திரத்தில் மட்டும் கிடைப்பவை அல்ல. சாரல் காலத்தில் குற்றாலத்து அருவிக்குப் போகும் வழியெங்கும், பெரிய கோயில்களின் வாசலிலும், சந்தைகளிலும் இவற்றை விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கும் வார்னிஷ் பூசிய இயந்திரச் சரக்கும் கடையின் முன்வரிசைக்கு வந்துவிட்டதால், கைவேலைச் சரக்கு பின்னால் ஒரு மூலைக்குப் போய்விட்டது. கேட்கிறவர்கள் இல்லையென்றால் அது அந்த மூலையிலிருந்தும் போய்விடும், பட்டறையில் உளி பிடிக்கிறவர் தம் மகனை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்.

ஆகையால் அடுத்த கிருகப்பிரவேச அழைப்பு வீட்டுக்கு வந்தவுடன், பெரிய கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் ஊர்க் கோயில் வாசலில் ஒரு மாலைப்பொழுது நடந்து பாருங்கள். முன்வரிசையில் இருப்பதை வாங்கிவிடாதீர்கள்; வார்னிஷ் போடாதது வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் கடைசல் பட்டறை எங்கே என்று விசாரியுங்கள், கடைக்காரரே வழி சொல்லுவார்.