நெருப்பு விட்டுவைத்த யனாகா

டோக்கியோவின் யனாகா கோயில்கள் நிறைந்த குடியிருப்பானதற்கு ஒரு தீ விபத்து முக்கியக் காரணம். 1657-இல் மெய்ரெக்கி பெருந்தீ எடோ நகரில் (டோக்கியோவின் பழைய பெயர்) பாதிக்குமேல் பொசுக்கிவிட்டது. அதன் பிறகு நகருக்குள் இருந்த புத்தக் கோயில்கள் பலவற்றை இந்த மேட்டுப் பகுதிக்கு மாற்றினார்கள். இன்றும் இங்கே ஏறத்தாழ 70 கோயில்கள் இருக்கின்றன. 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் நகரம் எரிந்தபோது யனாகாவின் பெரும்பகுதி தப்பிவிட்டது.

கன்னோன்ஜி கோயிலின் பழைய மதிலைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். களிமண் ஒரு வரிசை, கூரை ஓடு ஒரு வரிசை என மாறி மாறி அடுக்கி, மேலே சிறு ஓட்டுக்கூரையும் போட்டிருக்கிறார்கள். அதை ஒட்டிய சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிடுவார். அங்கேயே வீட்டு வாசலில் பூந்தொட்டிகள், சைக்கிள், காயும் துணி.

எல்லாம் தப்பவில்லை. எழுத்தாளர் கோதா ரோஹன் நாவலாக எழுதிய ஐந்தடுக்குக் கோபுரம் 1957-இல் எரிந்துபோனது. காதலர் இருவர் அதனுள் தீ மூட்டி உயிரை மாய்த்துக்கொண்டார்கள். யனாகா கல்லறைத் தோட்டத்தில் அதன் அடித்தளக் கற்கள் மட்டும் கிடக்கின்றன. கடைசி ஷோகன் தொகுகாவா யோஷினோபு அடங்கியதும் அந்தத் தோட்டத்தில்தான்.

ஆனால் இந்த ஊருக்குத் தன் அருமையை எடுத்துச் சொன்னவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர், பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்த பெண்கள். மொரி மயுமியும் தோழிகளும் 1984-இல் யனாகா, நெசு, செந்தாகி மூன்றுக்குமாக ஒரு சிற்றிதழ் தொடங்கினார்கள். முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள்: எந்தக் கடை எங்கே இருந்தது, எந்தக் கைத்தொழில் எப்படி நடந்தது என்று. 2009 வரை 25 ஆண்டுகள் அது வந்தது. மூன்று பகுதிகளையும் சேர்த்து இன்று எல்லோரும் 'யனேசென்' என்று அழைப்பது அந்த இதழால் பரவிய பெயர்.

வெளியார் வருகை பெருகி, யனாகா கின்சா கடைத்தெருவில் வார இறுதிகளில் நடக்க இடமிருப்பதில்லை. என் கவலை அதுவல்ல. ஜப்பானியக் கட்டடச் சட்டப்படி வீட்டுமனை பொதுவாக 4 மீட்டர் அகலச் சாலையைத் தொட்டிருக்க வேண்டும். குறுகிய சந்தில் பழைய வீட்டை இடித்துக் கட்டுபவர், சந்தின் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் உள்ளே தள்ளித்தான் கட்ட முடியும். தீயணைப்பு வண்டிக்கு வழி வேண்டுமே, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வீடு புதிதாகும்போதும் சந்து கொஞ்சம் அகன்றுகொண்டே போகிறது.