பிள்ளைகளுக்காகக் காத்த மௌனம்

கடல் கடந்த மடல்
வன்கூவர், கனடா



இந்த நகரின் தெற்கே மார்போல் என்ற பகுதியில், 64ஆவது அவெனியூவில் ஒரு பழைய மரவீடு நிற்கிறது. எழுத்தாளர் ஜோய் கோகவா சிறுவயதில் வாழ்ந்த வீடு. 1942இல் அரசு அவருடைய குடும்பத்தை அங்கிருந்து வெளியேற்றியது. பின்னர் அவர்களைக் கேட்காமலே வீட்டை விற்றும்விட்டது. 2006இல் அதை இடிக்கும் நிலை வந்தபோது, பொதுமக்கள் நிதி திரட்டிக் காப்பாற்றினார்கள். இப்போது எழுத்தாளர்கள் தங்கி எழுதும் இடமாக இருக்கிறது. ஒரு சாதாரண வீட்டுக்கு இத்தனை மதிப்பைத் தேடித்தந்தது 1981இல் வெளியான ஒரு நாவல். பெயர் 'ஒபாசான்'. கனடாவில் குடியேறிய ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அதைப் படிக்கவேண்டும் என்பது என் விருப்பம். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்த சில மாதங்களில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையோரம் 100 மைல் அகலத்துக்குள் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரையும் கனடிய அரசு அகற்றியது. கிட்டத்தட்ட 22,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் கனடியக் குடிகள். பலரை முதலில் வன்கூவரின் ஹேஸ்டிங்ஸ் பூங்காவில், கால்நடைகளுக்குக் கட்டிய கொட்டகைகளில் அடைத்தார்கள். அங்கிருந்து மலைகளுக்கிடையே கைவிடப்பட்ட சுரங்க ஊர்களுக்கு அனுப்பினார்கள். மீன்பிடி வள்ளங்களும் வீடுகளும் தோட்டங்களும் பறிமுதலாகி விற்கப்பட்டன. விற்ற பணத்திலிருந்தே அவர்களைத் தடுத்து வைத்திருந்த செலவும் எடுக்கப்பட்டது. போர் 1945இல் முடிந்தது. கரைக்குத் திரும்ப அனுமதி கிடைத்ததோ 1949 ஏப்ரலில்தான்.

நாவல் 1972இல் தொடங்குகிறது. நயோமி 36 வயதான பள்ளி ஆசிரியை, தனியாள். வளர்த்த மாமா இறந்ததும், அல்பேர்ட்டாவில் ஒரு சிற்றூரில் இருக்கும் மாமியின் வீட்டுக்கு வருகிறாள். அந்த மாமிதான் ஒபாசான். வாய் திறந்து பேசுவது அபூர்வம். பழைய நூல் துண்டைக்கூட எறியாமல் சேர்த்து வைப்பவர். ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மா எமிலி இதற்கு நேரெதிர். கடிதங்கள், அரசாணைகள், பத்திரிகைத் துணுக்குகள் எல்லாவற்றையும் திரட்டி, நடந்த அநியாயத்தைப் பேசிக்கொண்டே இருப்பவர். அவர் அனுப்பிய பொதி ஒன்றைப் பிரிக்கும்போதுதான் நயோமியின் கடந்தகாலம் திறக்கிறது. சீனி எடுக்கும் பீட்ரூட் வயல்களில் ஜப்பானியக் குடும்பங்கள் சிரித்த முகத்தோடு உழைப்பதாக அதில் ஒரு பத்திரிகைத் துணுக்கு. அந்த வயல்களில் வெயிலிலும் குளிரிலும் முதுகு ஒடிய நின்றவள் நயோமி. பத்திரிகையின் சிரிப்புக்கும் தன் உடலின் நினைவுக்கும் இடையே அவள் படும் கோபம், நாவலின் மிகக் கூர்மையான பக்கங்களில் ஒன்று.

ஆனால் அவளை உள்ளே அரித்துக்கொண்டிருப்பது வேறொரு கேள்வி. அம்மா எங்கே? 1941இல், நோயுற்ற தன் பாட்டியைப் பார்க்க ஜப்பானுக்குக் கப்பலேறிய அம்மா திரும்பி வரவில்லை. ஏன் என்று கேட்கும் போதெல்லாம் பெரியவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். ஆண்டுதோறும் ஓகஸ்டில் மாமா அவளைப் புல்வெளிக்குக் கூட்டிப்போவார், காரணம் சொல்லமாட்டார். கடைசியில், மாமாவின் சாவுக்குக் கூடிய வேளையில், குடும்பத்துக்கு நெருங்கிய மதகுரு பழைய ஜப்பானியக் கடிதங்களை வாசித்துக் காட்டுகிறார். அம்மா நாகசாகியில் இருந்திருக்கிறாள். 1945 ஓகஸ்ட் 9இல் விழுந்த அணுகுண்டு அவள் முகத்தைச் சிதைத்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டவள் அவளேதான். மாமாவும் மாமியும் அந்த வாக்கைக் கட்டிக்காத்திருக்கிறார்கள்.

அன்பினால் பிறந்த மௌனம் அது. கோகவா ஒபாசானை ஓர் இடத்திலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அந்த மௌனத்துக்குள் எத்தனை உழைப்பும் பொறுமையும் இருந்தன என்று காட்டுகிறார். அதே சமயம், அது குழந்தைக்கு என்ன செய்தது என்பதையும் மறைக்கவில்லை. நயோமி சின்னப்பிள்ளையாக இருந்தபோது அயல்வீட்டுக் கிழவன் ஒருவன் அவளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குகிறான். அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சில காலத்தில் அம்மாவும் போய்விடுகிறாள். தான் மறைத்ததற்கும் அம்மா மறைந்ததற்கும் அந்தப் பிஞ்சு மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. உண்மையை ஒருவராவது சொல்லியிருந்தால், இத்தனை ஆண்டுகள் அந்தக் குற்றவுணர்வை அவள் சுமந்திருக்கமாட்டாள். காரணம் தெரியாத இழப்புக்குக் குழந்தை தன்னையே காரணமாக்கிக்கொள்ளும். இந்த உண்மையை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன நாவலை நான் வேறு படித்ததில்லை.

1988 செப்டெம்பர் 22இல் ஜப்பானிய வம்சாவளியினருக்கு அரசு இழைத்த அநீதிக்காகப் பிரதமர் பிரையன் மல்ரோனி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டு உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. ஜப்பானியக் கனடியர்களின் நீண்ட போராட்டம் பெற்ற வெற்றி அது. அந்த நாளில் அவையில் இந்த நாவலின் பகுதிகளும் வாசிக்கப்பட்டன.

கோகவா மீதான என் மதிப்பு உயர்ந்தது அதன்பிறகு அவர் செய்ததைப் பார்த்துத்தான். அவருடைய தந்தை அங்கிலிக்கன் மதகுரு. இடம்பெயர்ந்த சனங்களுக்குப் பெருந்துணையாக நின்றவர். அவரே சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியவர் என்பது மகளுக்குத் தெரியவந்தது. 1995இல் கோகவா 'த ரெயின் அசென்ட்ஸ்' என்ற நாவலை எழுதினார். நேசித்த தந்தையின் குற்றத்தை நேருக்கு நேர் பார்க்கவேண்டிய ஒரு மகளின் கதை அது. 2015இல் திருச்சபை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2016இல் வந்த நினைவுநூலில் தந்தையைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார் கோகவா. அரசு செய்த அநீதியைச் சொல்லத் துணிவு வேண்டும். தன் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்ல அதைவிடப் பெரிய துணிவு வேண்டும். இரண்டையும் ஒரே வாழ்க்கையில் செய்துகாட்டியவர் அவர்.

1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரும், 2010இல் சன் சீ கப்பலில் இதே பிரிட்டிஷ் கொலம்பியக் கரைக்கு வந்து தடுத்து வைக்கப்பட்ட 492 பேரும் இலங்கையிலிருந்து வந்த நம்மவர்கள். இங்கே நம் வீடுகளிலும் பேசாத அறைகள் உண்டு. அங்கே 1983இல் நடந்த இனக்கலவரத்தையும் 2009இல் போர் முடிந்த விதத்தையும் பிள்ளைகள் இணையத்தில் தேடித் தெரிந்துகொள்கிறார்கள். தங்கள் அம்மம்மா அந்த நாட்களில் எங்கே இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. நமக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை உலகிடம் சொல்கிறோம்; சொல்லத்தான் வேண்டும். நம்மவர் நம்மவருக்குச் செய்ததையும், வீட்டுச் சுவர்களுக்குள் பெண்களும் பிள்ளைகளும் பட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சாட்சியம் முழுமையாகும்.

நயோமிக்கு உண்மை தெரிந்தபோது அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. அவர்களிடம் கேட்க அவளுக்கு ஆயிரம் கேள்விகள் இருந்தன. நம் பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்ல நாம் இன்னும் இருக்கிறோம். அவர்களின் வயதுக்குத் தக்க அளவில், பொய் கலக்காமல், இப்போதே சொல்லத் தொடங்குவோம்.

அன்புடன்,
வன்கூவரிலிருந்து