கிரிவலப் பாதையில் விளைந்த பாமாலைகள்

நினைத்த மாத்திரத்தில் முக்தி அளிக்கும் தலம் என்று ஆன்றோர் போற்றும் திருவண்ணாமலை, பாடல் பெற்ற தலமாக மட்டுமன்றிப் பாடல்கள் பிறந்த தலமாகவும் விளங்குகிறது. ஞானசம்பந்தரும் அப்பரும் இம்மலையைப் பாடினர். மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளியது இத்தலத்தில்தான் என்பது மரபு. மலைக்கு மேற்கே அடிஅண்ணாமலையில் அவருக்கென ஒரு சிறு கோயிலும் உண்டு. அருணகிரிநாதரை முருகப்பெருமான் ஆட்கொண்டதும் இவ்வூர்க் கோயிலில்தான். அவ்வரிசையில், சென்ற நூற்றாண்டில் பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி அருளிய அருணாசல ஸ்துதி பஞ்சகமும் இம்மலையின் மடியில் மலர்ந்ததே.

பழைய அருளாளர்களின் பாடல்கள் எவ்வாறு தோன்றின என்பதற்குத் தலபுராணமும் செவிவழிச் செய்தியுமே நமக்குத் துணை. ஆனால் பகவானின் பாடல்கள் பிறந்த விதத்தை அவரே தம் திருவாயால் விளக்கியிருக்கிறார். பிற்காலத்தில் ஆசிரமத்தில் அன்பர்கள் கேட்டபோது அவர் கூறியவற்றை உடனிருந்தோர் எழுதி வைத்தனர். அச்செய்திகளை மனத்தில் கொண்டு இத்தலத்தை வலம் வருவது தனி அனுபவம்.

அண்ணாமலையார் கோயிலின் கீழைக் கோபுரம் 11 நிலைகளும் 217 அடி உயரமும் கொண்டது. கோயிலைத் தரிசித்து, மேற்கே பேய்க் கோபுரத்திற்கு அப்பாலுள்ள தெருக்களைக் கடந்தால் மலையேறும் பாதை தொடங்குகிறது. கல் பாவிய வழியில் சற்று ஏறினால் விரூபாட்சி குகை வரும். விரூபாட்ச தேவர் என்னும் முனிவர் சமாதி கொண்ட இடம் அது. அக்குகை பிரணவ வடிவில் அமைந்தது என்று அன்பர்கள் போற்றுவர். உள்ளே நுழைந்தால் வெளியுலகின் ஓசை அடங்கிவிடுகிறது. கண் பழகிய பின்னரே சமாதி மேடை புலனாகிறது.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமனாகத் திருவண்ணாமலை வந்து சேர்ந்த பகவான், 1899 முதல் 1916 வரை இக்குகையில் தங்கினார். கோடையில் இங்குத் தண்ணீர் கிடைப்பது அரிது. அக்காலங்களில் அருகிலுள்ள மாமரக் குகைக்குச் சென்று தங்குவது வழக்கம். சமையலுக்கு வேண்டிய பொருளோ பாத்திரமோ ஏதும் இல்லாத வாழ்வு. பழனிசுவாமி முதலான அடியவர்கள் நகருக்குள் இறங்கிப் பிச்சை ஏற்று வருவார்கள். கிடைத்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து அனைவரும் பகிர்ந்து உண்பார்கள்.

இந்தப் பிச்சையிலிருந்துதான் அக்ஷரமணமாலை பிறந்தது. தெருவில் பாடிக்கொண்டு செல்வதற்குத் தங்களுக்கென ஒரு பாடல் வேண்டும் என்று அடியவர்கள் பகவானிடம் விண்ணப்பித்தனர். முன்னோர் அருளிய பாடல்களே ஏராளமாக இருக்க, புதிதாக ஒன்று எதற்கு என்று அவர் முதலில் இசையவில்லை. அவர்கள் விடாது வேண்டினர். பின்னர், மலையை வலம் வருகையில், ஒவ்வொன்றும் அருணாசலா என்ற விளியோடு முடியும் 108 கண்ணிகள் அவரிடமிருந்து வெளிப்பட்டன. அப்போது அவர் கண்களில் நீர் பெருகியது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

கண்ணிகள் அகர வரிசையில் அமைந்திருப்பது கவனத்திற்குரியது. ஏட்டைக் கையில் ஏந்தாமல் தெருவில் நடந்தபடியே பாடுவோருக்கு, அடுத்த கண்ணியை எழுத்தே எடுத்துக் கொடுக்கும். வயது முதிர்ந்து கண் மங்கிய நிலையிலும் பலர் இப்பாமாலையை முழுமையாக ஓதுகின்றனர் என்றால், இவ்வமைப்பும் அதற்கு ஒரு காரணம் ஆகலாம். பெயரிலும் ஆழ்ந்த பொருள் உண்டு. அக்ஷரம் என்பது எழுத்தையும் குறிக்கும், அழிவற்றதையும் குறிக்கும். மணம் என்பது நறுமணமும் ஆகும், திருமணமும் ஆகும். ஆன்மா இறைவனுக்குச் சூட்டும் மணமாலையாகவே அடியார்கள் இதனைக் கொள்கின்றனர்.

இப்பாடலுக்குப் பொருள் கூறுமாறு ஒருவர் கேட்டபோது பகவான் அளித்த மறுமொழி நம்மைச் சிந்திக்க வைப்பது. பாடும்போது தாம் எதையும் யோசிக்கவில்லை, வந்ததை எழுதியதே உண்மை. பொருளை நீங்களும் யோசியுங்கள், நானும் யோசிக்கிறேன் என்னும் கருத்தில் அவர் பேசினார். பாடியவரே தம் பாடலின் முன் ஒரு வாசகராக அமர்ந்துகொள்ளும் இப்பணிவு வேறெங்கு வாய்க்கும்?

விரூபாட்சி குகையின் வாயிலில் நின்றபோது, மற்றொரு நிகழ்ச்சி என் நெஞ்சை நெகிழ்வித்தது. 1914ஆம் ஆண்டு, அன்னை அழகம்மையார் திருப்பதி யாத்திரை முடித்துத் திரும்பும் வழியில் மகனைக் காண இங்கு வந்தார். வந்த இடத்தில் கடுமையான காய்ச்சல் கண்டது. குடற்காய்ச்சலுக்கு உரிய அறிகுறிகளோடு பல வாரங்கள் துன்புற்றார். வீட்டைத் துறந்து வந்த மகன், இரவும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தார். அன்னையின் தாபத்தைத் தணிக்க வேண்டி அருணாசலனிடம் முறையிட்டு நான்கு பாடல்கள் புனைந்தார். நடப்பது நடந்தே தீரும் என்று உபதேசித்தவர், நடப்பதை மாற்றித் தருமாறு இறைவனிடம் வேண்டிப் பாடியதாக அறியப்படுவது இந்த ஒரே சந்தர்ப்பம்தான் என்பர். அன்னை குணமடைந்தார், 1916ல் மகனுடனேயே வந்து தங்கிவிட்டார். துறவு என்பது அன்பு வற்றிப்போவது அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

இவ்விரண்டும் பிறர் பொருட்டுப் பிறந்தவை. ஒன்று அடியவர் வேண்டுகோள், மற்றொன்று அன்னையின் நோய். எவரும் கேளாமலே, உள்ளிருந்து தாமாகப் பொங்கி, எழுதியே தீர வேண்டும் என்று தம்மை வற்புறுத்திய பாடல்கள் அருணாசலப் பதிகமும் அருணாசல அஷ்டகமுமே என்று பகவான் கூறியுள்ளார்.

அவர் விளக்கியது இவ்வாறு. ஒரு நாள் காலை, பதிகத்தின் தொடக்கச் சொற்கள் அவர் உள்ளத்தில் எழுந்தன. இச்சொற்களால் நமக்கு ஆவதென்ன என்று அவற்றை அடக்கப் பார்த்தார். அவை அடங்கவில்லை. அச்சொற்களை முதலாக வைத்து ஒரு பாடல் இயற்றிய பின்னரே விட்டன. முயற்சி ஏதுமின்றிச் சொற்கள் தாமே வந்து அமைந்தன. மறுநாள் இரண்டாம் பாடல். அதன்பின் நாளுக்கு ஒன்றாக வளர்ந்து, பத்தாவதும் பதினொன்றாவதும் மட்டும் ஒரே நாளில் நிறைவுற்றன. தேவாரப் பதிகங்கள் பலவும் பதினொரு பாடல்களில் முடிவதை அன்பர்கள் இங்கு நினைவு கூரலாம்.

அடுத்த நாள் பகவான் கிரிவலம் புறப்பட்டார். பழனிசுவாமி பின்தொடர்ந்தார். சிறிது தூரம் சென்றதும் அவரைக் காணவில்லை. பிறகு வந்து சேர்ந்துகொண்டார். ஐயாசாமி என்னும் அடியவர் அவரைத் திரும்ப அழைத்து, சில நாட்களாகச் சுவாமி தினமும் பாடி வருகிறார், இன்றும் பாடக்கூடும் என்று சொல்லித் தாளும் பென்சிலும் கொடுத்தனுப்பிய செய்தி பின்னரே தெரிந்தது. ஐயாசாமியின் எண்ணம் பொய்க்கவில்லை. அன்று குகைக்குத் திரும்புமுன் அஷ்டகத்தின் ஆறு பாடல்கள் உருவாகிவிட்டன.

அன்று மாலையோ மறுநாளோ, வேலூரில் தையல் இயந்திர நிறுவனம் ஒன்றின் முகவராக இருந்த நாராயண ரெட்டி என்னும் அன்பர் வந்தார். பாடல்களைப் பற்றி அறிந்ததும், உடனே கொடுங்கள், அச்சிட்டு விடுகிறேன் என்று வற்புறுத்தினார். முதல் பதினொன்றை ஒரு நூலாகவும், வேறு யாப்பில் அமைந்த எஞ்சியவற்றை மற்றொரு நூலாகவும் வெளியிடலாம் என்று பகவான் இசைந்தார். எட்டு என்னும் எண்ணிக்கை நிறைவதற்காக அப்போதே மேலும் இரண்டு பாடல்கள் இயற்றினார். ஆக 19 பாடல்களையும் பெற்றுக்கொண்டு அவ்வன்பர் விடைபெற்றார்.

தாள் கொடுத்த ஐயாசாமி, அதைச் சுமந்து ஓடிய பழனிசுவாமி, அச்சேற்றிய ரெட்டியார் ஆகியோரின் சிறு தொண்டுகளை நாம் மறத்தலாகாது. அவை அடக்க முயன்றும் அடங்காத அருள்வாக்கைக் காற்றில் கலந்துவிடாமல் நம் கையில் சேர்த்தன.

அன்று அவர்கள் நடந்த பாதை இன்று ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலச் சாலை. இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் வரை எட்டுத் திக்கிலும் எண்லிங்கங்கள் வீற்றிருக்கின்றன. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் மெல்ல நடந்து வலம் வர வேண்டும் என்பது மரபு. பௌர்ணமி நாளில் கூட்டம் மிகுதி. முதியோர்கள் ஏனைய நாட்களில், வெயில் ஏறுமுன் வலம் வருவது நலம்.

முழங்கால் வலியோடு மலை ஏற இயலாதவர்கள் மனம் வருந்த வேண்டியதில்லை. செங்கம் சாலையிலுள்ள ஸ்ரீ ரமணாசிரமம் சமதளத்திலேயே அமைந்துள்ளது. பகவானின் சமாதி மண்டபத்தில் அமர்ந்திருக்கும்போது, அன்பர்கள் சேர்ந்து அக்ஷரமணமாலை ஓதக் கேட்கலாம். அருகிலேயே அன்னையின் சமாதி மேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் சந்நிதி. காய்ச்சலில் கிடந்த தாய்க்காக மகன் முறையிட்ட பாடல்களை அங்கு ஒருமுறை மனத்தால் நினைந்தாலும் போதும்.

அதுவும் இயலாதோர் இல்லத்துப் பூஜை அறையில் அமர்ந்து, அகரம் தொடங்கி ஒவ்வொரு எழுத்தாக அம்மாலையை ஓதலாம். தெருத் தெருவாகப் பிச்சைக்குச் சென்ற எளிய அடியவர் நாவிலும் எளிதாக நிற்கும்படி அமைந்த பாடல் அது. படிப்போ இசைப்பயிற்சியோ அதற்குத் தடையில்லை. நடக்க முடிந்தவர் காலால் வலம் வரட்டும். முடியாதவர் நாவால் வலம் வரட்டும். இருவரையும் அண்ணாமலையான் ஒன்றாகவே ஏற்றருள்வான்.